மறுமொழி: கிரவுன் பினியன் சத்தத்துக்கு ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

திங்கட்கிழமை என் ஐடிஐ பாடக்குறிப்பு அச்சுக்குப் போகிறது, ஒரு சொல்லில் நிற்கிறேன். பழைய ஜீப்பில் புது கிரவுன் பினியன் (இஞ்சின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடி) மாட்டியபிறகு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் பின்னாலிருந்து மெல்லிசாக இழுக்கிற சத்தம். ஆக்சிலேட்டரை மிதித்தால் கூடுகிறது, விட்டால் அடங்குகிறது. ‘இரைச்சல்’ என்று எழுதினால் பேரிங் சத்தமும் அதற்குள்ளேயே விழுந்துவிடும், பையன் பினியன் ஷிம்மை (பினியன் எவ்வளவு உள்ளே நிற்கிறது என்பதைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) பார்க்காமல் வீல் பேரிங்கைக் கழற்றுவான். என்ன போடலாம்?

———

ஐயா, தொல்காப்பியத்தில் சொற்பொருள் கூறும் உரியியலில் கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் நான்கும் அரவப் பொருள், அதாவது சத்தம். ‘அழுங்கல்’ என்று வையுங்கள், அழுகையின் இழுப்பும் அதில் கேட்கிறது.   அப்புறம், கிரவுன் பினியன் இருக்கும் டிஃபரன்ஷியலை உங்கள் பாடக்குறிப்பில் ‘வகையீடு’ என்று போட்டிருக்கிறீர்கள். அது கணக்குப் பாடச் சொல், எடுத்துவிடுங்கள்.

———

அண்ணே, அழுங்கல் என்றால் இன்றைக்கு யாருக்குப் புரியும்? எங்கள் பட்டறையில் ‘கிரவுன் ஊளை விடுது’ என்றால் போதும். ஒரே சுருதியில் இழுத்து, மிதிக்கு ஏற்ப மாறினால் ஊளை. மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி உறுமினால் பேரிங். திரும்பும்போது மட்டும் வந்தால் டிஃபரன்ஷியலுக்கு உள்ளே இருக்கும் ஸ்பைடர் கியர், திருப்பத்தில் இரு சக்கரமும் வேறு வேகத்தில் சுற்ற விடும் சின்னப் பல்சக்கரங்கள். மூன்றுக்கும் மூன்று சொல் இருந்தால்தான் பையன் காதால் பிரிப்பான். ஊளை என்றால் கவரைத் திறந்து கிரவுன் பல்லில் நீலச் சாயம் பூசிச் சுற்றட்டும்: தடம் பல்லின் அடியில் விழுந்தால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது, நுனியில் விழுந்தால் போதவில்லை. நடுவில் விழும்வரை ஷிம்மை மாற்றவேண்டும், டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்து பல்லாட்டமும், அதாவது இரண்டு சக்கரப் பற்களுக்கு நடுவே உள்ள தளர்வும், பார்க்கவேண்டும்.

———

நரிதான் ஊளையிடும், இயந்திரம் அல்ல. ஒலிமரபை இப்படிக் கலைக்கக்கூடாது. அழுங்கல் வேண்டாமென்றால் ‘முரல்வு’ என்றாவது போடுங்கள்.

———

முரல்வது வண்டு, அது கேட்க இனிமை. இந்தச் சத்தத்தைக் கேட்டு யாரும் வண்டியை ஓட்டிக்கொண்டே இருக்கக்கூடாது ஐயா.

———

சரி, நேரமில்லை. ஊளை, உறுமல் இரண்டும் பாடத்தில் போகின்றன. ‘பல்லாட்டம்’ எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, அதையும் எடுத்துக்கொள்கிறேன். டிஃபரன்ஷியல் இப்போதைக்கு டிஃபரன்ஷியலாகவே இருக்கட்டும்.

———

பல்லாட்டம் என்றால் பல் வைத்தியரிடம் போகச் சொல்வார்கள். ‘பல்லிடைவெளி’ என்பதே என் முடிவு. ஊளைக்கும் என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.