ஓஹிப் எடுக்கிற கண் டொக்டர், ஸ்காபரோவில?

மோர்னிங்சைட்வாசி:
அம்மாவுக்கு 67 வயது, சலரோகம் இருக்கு. அப்பாவுக்கு 58, வருத்தம் ஒண்டுமில்லை. ஓஹிப் (ஒன்ராறியோ மாகாண சுகாதாரக் காப்புறுதி) எடுக்கிற, தமிழ் கதைக்கிற கண் டொக்டரை எப்பிடிப் பிடிக்கிறது? குடும்ப டொக்டரின்ர கடிதம் வேணுமோ?

வடலி:
கண் சோதிச்சுக் கண்ணாடிக்கு எழுதுறவர் ஒப்ரோமெற்றிஸ்ற். அவரிட்டப் போகக் கடிதம் தேவையில்லை. ஒப்பரேசன், ஊசி செய்யிற கண் நிபுணருக்குத்தான் கடிதம். அதை ஒப்ரோமெற்றிஸ்றே அனுப்பலாம்.

"ஓஹிப் எடுப்பீங்களோ?" எண்டு மட்டும் கேட்டால் "ஓம்" எண்டுதான் சொல்லுவினம். கணக்கு வயதிலயும் வருத்தத்திலயும் இருக்கு. 2023 செப்ரெம்பர் 1 தொடக்கம் 65 வயதுக்கும் அதுக்கு மேலயும் 18 மாதத்துக்கு ஒருக்கா முழுப் பரிசோதனை. சலரோகம், குளோக்கோமா (கண் அழுத்த நோய்) மாதிரி இருந்தால் 12 மாதத்துக்கு ஒருக்கா. அதால "67 வயது, சலரோகம், முழுப் பரிசோதனை, தமிழ் கதைக்கிற ஆள் இருக்கினமோ" எண்டு ஒரே மூச்சில கேளுங்கோ. கடைசியாச் சோதிச்ச திகதியையும் கையில வைச்சிருங்கோ. தவணைக்கு முந்திப் போனால் ஓஹிப் காசு குடுக்காது, பில் உங்களுக்குத்தான். ஓஹிப் காட் புதுப்பிச்சிருந்தால் 10 இலக்கத்துக்குப் பின்னால உள்ள எழுத்தும் மாறியிருக்கும். பழசைக் குடுத்தாலும் ஓஹிப்புக்கு அனுப்பின பில் திரும்பி வரும்.

அப்பா 20–64க்குள்ள, வருத்தமும் இல்லை. கைக்காசு, இல்லாட்டி வேலையிடத்துக் காப்புறுதி. கண்ணாடிக்கு ஒருத்தருக்கும் ஓஹிப் இல்லை.

தெருமூலை:
கவுண்டரில "விழித்திரைப் படம் எடுப்பமோ?" எண்டு கேப்பினம். அதுக்கும், விழித்திரையின்ர அடுக்குகளைப் படமெடுக்கிற ஓசிரி ஸ்கானுக்கும் தனிக் காசு. விலையை முதலே கேளுங்கோ, வேண்டாமெண்டும் சொல்லலாம். ஆனா கண்மணி விரிய மருந்து விட்டுப் பாக்கிறதை மட்டும் விட்டுடாதேங்கோ. சலரோகக்காரருக்கு முக்கியமே அதுதான், அது ஓஹிப்புக்குள்ள வரும். பிறகு சில மணித்தியாலம் வெளிச்சம் கூசும், கிட்டத்துப் பார்வை மங்கும். அம்மா கார் ஓடக்கூடாது, நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கோ.

மோர்னிங்சைட்வாசி:
நன்றி. கற்றரக் (கண்புரை) எண்டு சொன்னால்?

வடலி:
ஒப்பரேசனும் சாதாரண லென்சும் ஓஹிப். விலை கூடின லென்ஸ் உங்கட விருப்பம். "காசு கட்டினால் கெதியாச் செய்யலாம்" எண்டு ஆரும் சொன்னால், அது சட்டப்படி பிழை. மாகாண சுகாதார அமைச்சுக்கு முறைப்பாடு குடுக்கலாம்.

தெருமூலை:
ஒண்டு விட்டுப் போச்சு. திடீரெண்டு மின்னல் மாதிரி வெட்டுறது, கரும்புள்ளி கூடுறது, ஒரு பக்கம் திரை விழுறது: தவணையெல்லாம் பாக்காமல் அண்டைக்கே எமர்ஜென்சிக்குப் போங்கோ. அங்க எந்த வயதுக்கும் ஓஹிப் செல்லும், அப்பாவுக்கும்தான்.