சொந்த ஊர் கச்சேரி: உங்களுக்கு எப்படி இருந்தது?

நேற்று அந்த மூத்த பாடகர் தாம் பிறந்த ஊரிலேயே, அந்தப் பெரிய உள்ளரங்கில் பாடியதற்குப் போயிருந்தேன், சிலர் அழுதார்கள், சிலர் குரலே போய்விட்டது என்று பாதியில் கிளம்பினார்கள். நீங்கள் எந்தப் பக்கம்?

பதில் 1:
எனக்கு ஏமாற்றம்தான். சுருதியை ஒரு கட்டை இறக்கிப் பாடினார், சரி, வயதானால் குரல்நாண்களின் நெகிழ்வு குறையும், புரிகிறது. ஆனால் உச்ச இடங்களையெல்லாம் கோரஸிடமே விட்டுவிட்டாரே!

பதில் 2:
எங்கே உட்கார்ந்தீர்கள்? ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும், மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருந்தால் கால் நொடிக்கு மேல் தாமதம், கூரையின் எதிரொலியும் சேர்ந்தால் யார் பாடினாலும் சொற்கள் குழம்பும். எனக்கு முன்வரிசை, மூச்சு வாங்குவது வரை கேட்டது.

பதில் 3:
அந்தத் தாலாட்டை வாத்தியமே இல்லாமல் பாடினாரே, அப்புறம் எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

பதில் 1:
மேல்மாடி. தாலாட்டு மட்டும் அங்கேயும் தெளிவாகக் கேட்டது, ஒத்துக்கொள்கிறேன்.