புகுஷிமா: மண்ணைச் சுரண்டி எடுத்தாயிற்று, அப்புறமும் ஏன் ஊர் நிறையவில்லை?

மேலவீதி: வேளாண் கல்லூரியில் கருத்தரங்கு ஒன்றுக்குத் தயார் செய்கிறேன். புகுஷிமாவில் 2011 அணு உலை விபத்துக்குப் பிறகு வயல்களில் 5 செ.மீ. மேல்மண்ணை எடுத்துவிட்டார்கள், கதிர்வீச்சும் குறைந்துவிட்டது என்று படித்தேன். அப்படியும் திரும்பியவர்கள் குறைவாமே. பயம்தான் காரணமா?

கொரியாமாவாசி: பயம் ஒரு பங்குதான். என்னோடு வேலை செய்யும் அம்மா ஒருவர் நாமியே ஊர்க்காரர். அங்கே ஒரு பகுதியில் குடியிருக்கத் தடை நீங்கியதே 2017 மார்ச் கடைசியில். அதற்குள் பிள்ளைகள் வேறு ஊரில் படிப்பை முடித்து வேலைக்கும் போய்விட்டார்கள். "வீடு சுத்தம்தான், ஆனால் ராத்திரி நெஞ்சு வலித்தால் எங்கே ஓடுவது?" என்பார். பக்கத்து ஊரான ஃபுதாபாவில் ஆட்கள் குடியேற முடிந்தது 2022 ஆகஸ்டில்தான். இடம்பெயர்ந்த அலைச்சலில், பெரும்பாலும் வயதானவர்கள், 2,300-க்கும் மேல் இறந்ததாக மாகாணக் கணக்கு. சுனாமியும் நிலநடுக்கமும் அந்த மாகாணத்தில் நேரடியாகக் கொன்றவர்களைவிட இது அதிகம். கருத்தரங்கில் இதை விட்டுவிடாதீர்கள்.

வயல் விஷயத்துக்கு வருகிறேன். மேல்மண் போனால் சத்தும் போச்சு. பதிலுக்குக் கொட்டியது மலைமணல். இதில் நெல்லைக் காப்பாற்றியது நம்மூர்க் கடையிலும் கிடைக்கும் பொட்டாஷ் உரம். உலையிலிருந்து வந்து மண்ணில் படிந்த கதிரியக்கப் பொருளான சீசியமும் பொட்டாசியமும் ஒரே குடும்பம்; வேருக்குப் பொட்டாஷ் தாராளமாகக் கிடைத்தால் சீசியத்தை அவ்வளவாக இழுக்காது.

மேலவீதி: சரி, வாங்குகிறவர் எப்படி நம்பினார்?

கொரியாமாவாசி: 2012 அறுவடையிலிருந்து மாகாணத்து அரிசி முழுவதையும் அளந்தார்கள். 30 கிலோ மூட்டை ஒவ்வொன்றும் பெல்ட்டில் ஏறி, கருவிக்குள் போய், எண் போட்ட ஸ்டிக்கரோடு வெளியே வரும். வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு கோடி மூட்டை! சீசியத்துக்கு வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). 2015 அறுவடைக்குப் பிறகு ஒரு மூட்டைகூடத் தாண்டவில்லை. 2020 முதல் பெரும்பாலான ஊர்களில் மாதிரி எடுத்துப் பார்ப்பதோடு சரி. விலை மட்டும் உடனே ஏறிவிடவில்லை.

தெற்குக்கரை: எடுத்த மண் எங்கே போகிறது என்பதையும் சேருங்கள். ஒகுமா, ஃபுதாபா ஊர்களின் எல்லையில் இடைக்காலக் கிடங்கு. 2045-க்குள் மாகாணத்துக்கு வெளியே கொண்டுபோவதாகச் சட்டமே இருக்கிறது. எந்த ஊர் ஏற்கும்?

கொரியாமாவாசி: உண்மை. காட்டையும் மறக்காதீர்கள், வீட்டோரம் 20 மீட்டர் வரைதான் சுத்தம் செய்தார்கள். அந்த அம்மா வளர்ப்புக் காளான் வாங்குவார். இலையுதிர் காலத்தில் மலையேறிப் பறிப்பதை மட்டும் நிறுத்திவிட்டார், அளவுக்கருவி கையில் இருந்தும்.