டெல்டாவில் டென்ட் போட எந்த இடத்தைக் கேட்டு வாங்குவது?

(பலர் சேர்ந்து பேசிய பேச்சு இது. ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது பேசுகிறவரின் புனைபெயர்.)

கொள்ளிடக்கரை:

ரிசார்ட் விலைப்பட்டியலில் ரிவர் வியூ, கார்டன், தோப்பு, டெக் (மேடை), பேசிக் என்று நாலைந்து பெயர் இருக்கும். காசு கண்ணுக்குத் தெரிகிற அழகுக்கு வாங்குகிறார்கள். நம்ம பக்கம் போனில் முதலில் கேட்கவேண்டியது வேறு: அந்த இடம் மேடா, பள்ளமா?

பழைய ஊர்களைப் பாருங்கள். வீடெல்லாம் திடலில் இருக்கும், வயல் பள்ளத்தில் கிடக்கும். ரிசார்ட்டோ பல இடத்தில் வயலைத் தூர்த்துப் புல் போட்டது. தூர்த்த மண் அமுங்க அமுங்க நடுவில் தாம்பாளம் மாதிரி குழி விழும். மேலே பச்சைப் புல், அடியில் களி. ஒரு மணி நேர மழைக்கு டென்ட் தெப்பம் ஆகிவிடும்.

சோதிக்க ஒரு சொம்பு தண்ணீர் போதும். ஒரு சாண் ஆழத்துக்குக் குழி பறித்து ஊற்றுங்கள். மணல் கலந்த படுகை மண் என்றால் சில நிமிடத்தில் குடித்துவிடும். களிமண் என்றால் அரைமணி கழித்தும் அப்படியே நிற்கும். நின்றால், ஐப்பசி கார்த்திகையில் அந்தப் புல்தரையைத் தொடாதீர்கள். குழி பறிக்க விடமாட்டார்கள் என்றால் புல்லைப் பாருங்கள். அருகம்புல்லுக்கு நடுவே கோரை முளைத்திருந்தாலோ நண்டு வளை தெரிந்தாலோ அங்கே தண்ணீர் தங்கும்.

ஆற்றோர இடம் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். மேட்டூர் நிரம்பி உபரி நீர் வந்தால் முக்கொம்பில் பிரித்துக் கொள்ளிடத்தில்தான் விடுவார்கள். மழை பெய்வது குடகிலும் வயநாட்டிலும். இங்கே வெயில் பல்லைக் காட்டும், ஆறு மட்டும் ஏறிக்கொண்டே வரும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு அணையின் 9 மதகுகள் உடைந்தது அப்படிப்பட்ட ஒரு வெள்ளக் காலத்தில்தான். ஆடி, ஆவணியில் ஆற்று நடுத் திட்டில் டென்ட் போட்டுத் தருகிறோம் என்றால் இலவசம் என்றாலும் வேண்டாம். ‘இடம் ஆற்றின் கரைக்கு உள்பக்கமா, வெளிப்பக்கமா’ என்று கேளுங்கள். வெளிப்பக்கம், அதாவது ஊர்ப்பக்கம் என்றால் பேசலாம். அணைக்கரை வட்டாரத்தில் கொள்ளிடத்தில் முதலை உண்டு. பொழுது சாய்ந்தபின் கை கால் கழுவக்கூட நீரோரம் இறங்கவேண்டாம்.

மேட்டூர் திறப்பு வழக்கமாக ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. மாசி, பங்குனியில் ரிவர் வியூவுக்குக் கூடுதல் காசு கொடுத்தால் மணலையும் நாணலையும் பார்த்துக்கொண்டு உட்காரலாம்.

தோப்புத்துரவு:

அண்ணன் சொன்னது சரி. ஆனால் மேடு கிடைத்ததும் நேரே தென்னைக்கு அடியில் போய் அடிக்கிறார்களே, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

தென்னை நடவு வழக்கமாக 25 அடிக்கு 25 அடி. நாலு மரத்துக்கு நடுப்புள்ளியில் நின்றால் ஒவ்வொரு மரமும் ஏறக்குறைய பதினேழரை அடி தள்ளி இருக்கும். தேங்காய் பெரும்பாலும் மரத்தை ஒட்டிச் செங்குத்தாக விழும். மட்டை அப்படி இல்லை, 15 அடிக்கு மேலும் நீளம் இருக்கும், காற்றில் சாய்ந்து தள்ளி விழும். ஆகவே நடுப்புள்ளி பரவாயில்லை, இரண்டு மரத்துக்கு நடுக்கோடு அரைகுறை, மரத்தடி கூடவே கூடாது. 15 அடி இடைவெளியில் நெருக்கி நட்ட பழைய தோப்பு என்றால் நடுவும் தப்பாது. அங்கே காய் பறித்து, காய்ந்த மட்டை இறக்கி எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் என்றால் வேறு இடம் பாருங்கள்.

மற்ற மரங்களில் மா, புளி, வேம்பு, இலுப்பை நம்பலாம். முருங்கையும் ஒதியனும் லேசான காற்றுக்கே கிளை முறியும். மூங்கில் கொத்துப் பக்கம் போகவேண்டாம். அடியில் சருகு மண்டிக்கிடக்கும், அதற்குள் என்ன படுத்திருக்கிறது என்று தெரியாது. மாமரத்துக்கு ஒரு குறை: பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சி வடிக்கும் தேன் டென்ட் முழுக்கப் பிசுபிசுக்கும். அது காய்வதற்குள் வெறும் தண்ணீரில் துடைத்தால் போகும்.

தோப்பு இடத்துக்கு இன்னொரு லாபம் உண்டு. மார்கழியில் வெட்டவெளியில் பனி கொட்டும். கிளைக்கு அடியில் பாதிகூட இறங்காது.

மார்கழி:

பனி என்றதும் ஞாபகம் வருகிறது. காலையில் உள்பக்கம் நனைந்திருந்தால் ஒழுகுகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது மூச்சின் ஈரம். குளிர்ந்த மேல்துணியில் பட்டு நீராகிறது. குளிருக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் மூடினால் இதுதான் நடக்கும். மேல்துணிக்கும் உள்கூடாரத்துக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருக்கும்படி கயிற்றை இழுத்துக் கட்டி, எதிரெதிர்ச் சன்னலைக் கொசுவலையோடு திறந்து வையுங்கள். வாய்க்காலை ஒட்டிய இடத்தில் இந்த ஈரம் இரட்டிப்பு. ஒற்றைத் துணி டென்ட் வைத்திருப்பவர்கள் தை, மாசியில் தோப்பு இடமே கேளுங்கள்.

கடைமடை:

தரங்கம்பாடி, பூம்புகார், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் போகிறவர்களுக்கு மேலே சொன்ன களிமண் கதை பாதி பொருந்தாது. மணலில் தண்ணீர் நிற்காது. ஆனால் டென்ட் கயிறு கட்டும் முளையும் நிற்காது.

டென்டோடு வரும் 7 அங்குலக் கம்பி முளை மணலில் பல்குத்தி. 12 அங்குல அகல முளை இருந்தால் ஓரளவு தாங்கும். அதைவிட நல்லது காலி சிமெண்ட் சாக்கு. கால் பங்கு மணல் அடைத்து வாயைக் கட்டி, நடுவயிற்றில் கயிறு சுற்றி, ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து மிதியுங்கள். கயிறு வெளிவரும் பக்கம் மணலில் சாய்வாக ஒரு கீறல் போடவேண்டும். போடாவிட்டால் கயிறு நேர்மேலே இழுத்துச் சாக்கைக் கிளப்பிவிடும். பலரும் கோட்டைவிடுவது இந்தக் கீறலில்தான். ஒரு டென்டுக்கு நாலு மூலை, காற்று வரும் பக்கம் கூடுதலாக இரண்டு, ஆக 6 சாக்கு.

இடம் பொறுக்கும்போது மணலில் காய்ந்த பாசியும் குப்பையும் வரிசையாக ஒதுங்கிய கோடு தெரியும், அலை கடைசியாக வந்த எல்லை அது. அமாவாசை, பௌர்ணமியில் அதையும் தாண்டி வரும். கோட்டிலிருந்து 100 அடியாவது உள்ளே தள்ளி, சவுக்குத் தோப்புக்குப் பின்புறம் கிடைத்தால் நல்லது. சவுக்குச் சருகு மெத்தை மாதிரி இருக்கும், பொறி பட்டால் பற்றி எரியும். அடுப்புக்கு அங்கே இடமில்லை.

பிற்பகலில் கடல்காற்று கிழக்கிலிருந்து, விடியற்காலை நிலத்திலிருந்து. வாசலும் எதிர்ச் சன்னலும் கிழக்கு மேற்காக அமைந்தால் இரண்டும் கிடைக்கும். ஆடியில் மட்டும் மேற்குக் காற்று ஆளையே தள்ளும். டென்டின் குறுகிய, தாழ்ந்த பக்கத்தை மேற்கே திருப்புங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கே முதுகு காட்டவேண்டும். அந்த இரண்டு மாதமும் வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்தாலே ரத்து செய்துவிடுவது உத்தமம். கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது 2018 நவம்பர் 16; வேரோடு சாய்ந்த தென்னைகளைப் பார்த்தவர்களிடம் டென்ட் கயிறு பற்றிப் பேசமுடியாது. முன்பதிவிலேயே புயலுக்குப் பணம் திரும்புமா என்று எழுதி வாங்குங்கள்.

வீடு திரும்பியதும் ஜிப்பை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து மெழுகுவத்தியால் ஒரு தேய் தேயுங்கள். உப்பு தின்ற ஜிப் அடுத்த முறை பாதியில் நின்றுவிடும்.

ஃபியூஸ்கட்டை:

மின்வசதி உள்ள இடம், இல்லாத இடம் என்று இரண்டு விலை சொல்வார்கள். மார்கழியிலிருந்து மாசி வரை அந்தக் கூடுதல் காசு தண்டம். சித்திரையிலிருந்து புரட்டாசி வரை மின்விசிறி இல்லாமல் தூங்கமுடியாது, அப்போது வாங்குங்கள். ஏர்கூலர் தருகிறோம் என்றால் மயங்கவேண்டாம். நம்ம புழுக்கத்தில் அது ஈரத்தைத்தான் கூட்டும்.

போனதும் பார்க்கவேண்டியவை: பிளக் பெட்டி முழங்காலுக்கு மேலே, மழைமூடியோடு இருக்கிறதா; அதற்கு 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், இருக்கிறதா. இருந்தால் அதில் டெஸ்ட் பொத்தான் ஒன்று இருக்கும், ஆளைக் கூப்பிட்டு அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். உடனே விழவேண்டும். விழவில்லை என்றால் அந்த இணைப்பு வேண்டாம், ஈரத் தரையில் விளையாட்டு இல்லை.

6 ஆம்பியர் பிளக்கில் விசிறி, விளக்கு, போன் தாராளமாகப் போகும். 1500 வாட் கெட்டில் போட்டால் ஆறரை ஆம்பியர், பிளக் சூடேறும். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளாக வைத்து ஓட்டாதீர்கள், முழுக்க அவிழ்த்துவிடுங்கள். டென்டுக்குள் நுழையும் முன் வயர் ஒரு வளைவாகக் கீழே தொங்கி மேலே ஏறட்டும். மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், போர்டுக்குள் வராது.

விளக்குக் கம்பத்துக்கு நேர் கீழேயும் இடம் வாங்காதீர்கள். மழை விட்ட இரவு ஈசல் மொய்க்கும். வயலோரத்தில் செம்மஞ்சளும் கறுப்புமாக எறும்பு அளவில் ஒரு வண்டும் வெளிச்சத்துக்கு வரும். தோலில் உட்கார்ந்தால் அடிக்காமல் ஊதிவிடுங்கள். நசுக்கினால் மறுநாள் கொப்புளம்.

புதுக்கூடாரம்:

நாங்கள் பெரியவர் இரண்டு, பிள்ளைகள் இரண்டு. தை கடைசி வாரம், கும்பகோணம் பக்கம். டெக்கா, வயலோரப் புல்தரையா? டென்ட் நாலு பேர் படுப்பது. டெக் 10 அடிக்கு 10 அடியாம்.

மேடைக்காரர்:

தங்கச்சி, முதலில் டென்ட் தன்னால் நிற்குமா என்று பாருங்கள். இரண்டு கம்பி குறுக்கே போய்க் கூரை பிடிக்கும் குமிழ் வகை என்றால் டெக் சரி. முளை அடித்தால்தான் நிற்கும் குகை வகை மேடையில் எழும்பவே எழும்பாது.

நாலு பேர் டென்டின் தரை ஏறக்குறைய 8 அடிக்கு 7 அடி. 10 அடி மேடையில் அது உட்காரும். முன்வாசல் கூரைக்கு இன்னும் 3 அடி வேண்டும், அது வெளியே தொங்கும். பக்கக் கயிறு கட்ட இடம் இருக்காது. மேடை ஓரத்தில் கொக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் 20 லிட்டர் தண்ணீர் கேன் நாலு, மூலைக்கு ஒன்று. புல்தரை என்றால் கயிறும் சேர்த்து 14 அடிச் சதுரம் தேவை.

மேடையிலும் மரம் வேறு, சிமெண்ட் வேறு. சிமெண்ட் பகல் வெயிலைக் குடித்து நள்ளிரவு வரை கக்கும். கோடையில் வேகும், தையில் அதுவே சில்லென்று முதுகில் ஏறும். மரப்பலகை நல்லது, ஆனால் பலகை இடுக்கு வழியாகக் கீழ்க்காற்று வரும், அடியில் தடிமனான விரிப்பு போடுங்கள். தரை எதுவானாலும் அடிவிரிப்பு டென்ட் தரையைவிடப் பக்கத்துக்கு இரண்டு அங்குலம் சிறிதாக மடித்திருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரைப் பிடித்து உங்கள் அடியிலேயே கொண்டுவந்து சேர்க்கும்.

பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கழிவறையை ஒட்டியே கேட்பார்கள். ராத்திரி முழுக்கக் கதவுச் சத்தமும் வெளிச்சமும்தான் மிச்சம். 150 அடி தூரம் சரியாக இருக்கும்.

சம்பா:

மேடைக்காரர் சொன்னதோடு நான் வயலோரத்தை வெட்டிவிடுவேன். தை கடைசி சம்பா அறுவடை நேரம். இயந்திரம் ராத்திரியிலும் ஓடும், தூசி டென்டுக்குள் வரும். அறுத்தபின் எலி கரைக்கு ஏறும், எலிக்குப் பின்னாலேயே பாம்பு. வைக்கோல் போர் பக்கத்தில் இடம் வேண்டவே வேண்டாம். அறுவடைக்கு முன்னால் கதிர் நிற்கும் காலத்திலும் மருந்து அடிக்கும் நாள் உண்டு, பக்கத்து வயல்காரர் எப்போது அடிக்கிறார் என்று ரிசார்ட்டில் விசாரியுங்கள்.

கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும், தரையில் படுத்திருப்பவரிடம்தான் வரும். கடித்தது சில நேரம் வலிக்கக்கூட வலிக்காது. ஜிப்பை அரை சாண்கூடத் திறந்து வைக்கவேண்டாம், செருப்பைப் பைக்குள் போட்டு உள்ளே வையுங்கள், உணவுத் துணுக்கு உள்ளே வேண்டாம். கடித்தால் கட்டு இறுக்குவது, கீறுவது எதுவும் செய்யாமல் கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108, நேரே அரசு மருத்துவமனை. விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனை எது, எத்தனை நிமிடம் என்பதை முன்பதிவு போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

புதுக்கூடாரம்:

அப்போ மர டெக். கொக்கி இருக்கிறது என்கிறார்கள். முளை எடுத்துப்போக வேண்டாமா?

கொள்ளிடக்கரை:

எடுத்துப்போங்க. முன்வாசல் கயிறு மேடைக்கு வெளியே தரையில்தான் இறங்கும். தையில் களிமண் மேலே இறுகி உள்ளே ஈரமாக இருக்கும், மழமழ கம்பி உருவிக்கொண்டு வரும். மூன்று இதழ் வைத்த முளை பிடிக்கும். தலை டென்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து, கயிறு முளைக்குச் செங்குத்தாக வரும்படி அடியுங்கள். எடுக்கும்போது நேரே இழுக்காமல் ஒரு சுற்று முறுக்கி எடுங்கள். பங்குனிக்கு மேல் போவதாக இருந்தால் அந்த முளை வளைந்துபோகும். இரும்புக்கடையில் 8 அங்குல ஆணி பத்து, ஒரு இரும்புச் சுத்தியல், அதுவும் இறங்காவிட்டால் ரிசார்ட் தோட்டக்காரரிடம் கடப்பாரை.