உயெமுரா தெனாலியில எப்படி காணாம போனார்? 40 வருஷம் தாண்டியும் ஆள் கிடைக்கலையே

பனிப்பூனை:
ரெண்டு நாளா இதையே படிச்சிட்டு இருக்கேன், தூக்கம் போச்சு. நவோமி உயெமுரா, ஜப்பான்காரர். 1970ல எவரெஸ்ட் ஏறின முதல் ரெண்டு ஜப்பானியர்ல ஒருத்தர், 1978ல நாய் வண்டியில தனியா வட துருவம் போனவர். 1984 பிப்ரவரி 12, அவரோட 43வது பிறந்தநாள், அன்னிக்கு அலாஸ்காவுல இருக்கிற தெனாலி உச்சிக்கு (மெக்கின்லின்னும் சொல்வாங்க, 6,190 மீட்டர், தெனாலின்னதும் ராமன் ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்ல) தனியா ஏறிட்டார். குளிர்காலத்துல தனியா அங்க ஏறின முதல் ஆள். மறுநாள் விமானத்துல இருந்தவங்ககிட்ட ரேடியோல பேசியிருக்கார், இறங்கிட்டு இருக்கேன், 5,500 மீட்டர் கிட்ட இருக்கேன்னு. அதோட சரி, அதுக்கப்புறம் ரேடியோல அவர் குரலே வரல.

என் டவுட் என்னன்னா, அவர் போனது வெஸ்ட் பட்ரெஸ், எல்லாரும் போற வழி. 1970லயே அந்த மலைய தனியா ஏறினவர் வேற. 4,300 மீட்டர் பக்கம் பனிக்குகைல டைரி கிடைச்சிருக்கு, உச்சியில நட்ட கொடி கூட கிடைச்சிருக்கு. ஆள் மட்டும் எப்படி கிடைக்கல? இவ்ளோ ஆபத்துன்னு தெரிஞ்சும் தனியா போனது திமிர்தானே?

கயிறுமுடிச்சு:
திமிர்னு சொல்லாதீங்க பாஸ், அவர் மாதிரி பயந்து பயந்து நடந்த ஆள் கம்மி. நீளமான மூங்கில் கழிங்கள உடம்போட சேர்த்து கட்டிட்டு நடப்பார், பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும். பனிப்பிளவுக்குள்ள விழுந்தா கழி ரெண்டு பக்கமும் முட்டிக்கிட்டு ஆள் தொங்குவாரு, அதான் ஐடியா. சின்ன வயசுல ஆல்ப்ஸ்ல இருக்கிற மான் ப்ளாங்க் மலைக்கு தனியா போய் பிளவுல விழுந்து தப்பிச்சவர், அந்த பயம் விடல.

பிளவு மேல பனி மூடி பாலம் மாதிரி நிக்கும், மேல பார்த்தா எல்லாம் ஒரே வெள்ளை, எது தரை எது பாலம்னு தெரியாது. எனக்கு ஒரு தடவை கயிறு கட்டி நடக்கும்போதே கால் தொடை வரைக்கும் உள்ள போயிடுச்சு, கீழ காலுக்கு ஒண்ணுமே தட்டுப்படல, ஓட்டை வழியா பார்த்தா நீலமா போய் கீழ கருப்பாயிடுது, பின்னாடி வந்தவன் அப்படியே உக்காந்து கயிற இறுக்கிப் பிடிச்சதால இன்னிக்கு டைப் பண்றேன். 1967ல இதே தெனாலிய குளிர்காலத்துல முதல்ல ஏறின டீம்ல ழாக் பட்கான்னு பிரெஞ்சுக்காரர், பெரிய அனுபவசாலி, ஆரம்பத்துலயே கீழ கஹில்ட்னா கிளேசியர்ல (கிளேசியர்னா பனியாறு) கயிறு கட்டாம நடந்து பிளவுல விழுந்து செத்துட்டார். அங்கயாவது கூட ஆள் இருந்தாங்க, எங்க விழுந்தார்னு தெரிஞ்சது. தனியா போறவன் விழுந்தா மேல ஒரு ஓட்டைதான் மிச்சம், அதையும் ஒரு ராத்திரி காத்து மூடிடும்.

ராத்திரிக்காக்கா:
கயிறுமுடிச்சு சொல்றது கீழ்ப்பகுதிக்கு சரி. ஆனா அவர் கடைசியா பேசின உயரத்தை பாருங்க, அது தெனாலி பாஸ்ங்கற கணவாய் பக்கம். அங்கேர்ந்து 5,200 மீட்டர் கேம்ப்புக்கு குறுக்கால இறங்குற சரிவுலதான் அந்த வழியில நிறைய பேர் விழுந்திருக்காங்க, அதுவும் இறங்கும்போது. குளிர்காலத்துல காத்து பனிய எல்லாம் அடிச்சிட்டு போயிடும், மிச்சம் இருக்கிறது கண்ணாடி மாதிரி ஐஸ், கிராம்பான் (ஷூவுக்கு அடியில மாட்டுற முள்ளு) முனை லேசா கீறும், அவ்ளோதான். ஒரு கால் வழுக்கினா நிறுத்தவே முடியாது. 1967ல உச்சிக்கு போன மூணு பேரும் இறங்கும்போது அந்த பாஸ்லயே புயல்ல மாட்டி நாள்கணக்குல பனிக்குகைக்குள்ள கிடந்தாங்க, ஒருத்தர ஒருத்தர் பார்த்துக்கிட்டதால பிழைச்சாங்க. என் கணிப்பு, உயெமுரா விழுந்ததும் அந்த சரிவுலதான், மூங்கில் கழி அங்க எதுக்கும் உதவாது.

கல்லும்பனியும்:
ஆள் ஏன் கிடைக்கலங்கறதுக்கு மட்டும் பதில். கிளேசியர் நிக்காது, மெதுவா ஓடுற ஆறு. மேல்பகுதியில வருஷா வருஷம் பனி சேர்ந்துகிட்டே போகும், அதனால அங்க விழுந்தது எதுவா இருந்தாலும் கீழ கீழ புதையும். கீழ்ப்பகுதியில உருகுற இடம் வந்தாத்தான் வெளிய வரும். 1820ல மான் ப்ளாங்க்ல பனிச்சரிவு 3 வழிகாட்டிகள பிளவுக்குள்ள தள்ளிடுச்சு. ஃபோர்ப்ஸ்னு ஒரு விஞ்ஞானி கிளேசியர் வேகத்த வெச்சு கணக்கு போட்டு, சுமார் 40 வருஷத்துல வெளிய வருவாங்கன்னார். 1861ல பொஸோன் கிளேசியர் அடியில எலும்பும் துணியும் வந்துச்சு! அதே மாதிரி 1986ல சுவிஸ்ல காணாம போன ஒருத்தர் 2023ல தியோடுல் கிளேசியர்ல கிடைச்சார்.

ஆனா தெனாலிக்கு அந்த கணக்கு போட முடியாது. பாஸுக்கு இந்தப்பக்கம் விழுந்தா ஒரு கிளேசியர், அந்தப்பக்கம்னா ஹார்ப்பர், அது போய் மல்ட்ரோங்கற இன்னொரு கிளேசியர்ல சேரும். மல்ட்ரோ பல வருஷம் சோம்பேறியா கிடந்துட்டு 2021ல திடீர்னு ஒரு நாளைக்கு 10 மீட்டர் அளவுக்கு ஓடுச்சு. எங்க விழுந்தார்னே தெரியாம எங்க போய் காத்திருப்பீங்க?

பனிப்பூனை:
திமிர்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன். அப்போ குளிர்காலத்துல தனியா போய் உயிரோட திரும்பினவங்களே இல்லையா?

கயிறுமுடிச்சு:
இருக்காங்க. 1988 மார்ச்ல வெர்ன் தேஜாஸ். அவரு கழிக்கு பதிலா ஒரு அலுமினிய ஏணிய எடுத்துட்டு போய், அதுக்கு நடுவுல உடம்ப மாட்டிக்கிட்டு நடந்தார். ஐடியா உயெமுராவோடதுதான்.