டேப் டான்ஸ்: ஷஃபிள், ஃபிளாப், ஸ்லாப் மூன்றிலும் ரெண்டு சத்தம்தானே, பிறகு ஏன் மூணு பெயர்?

புதுத்தாளம்:
டேப் டான்ஸ் (ஷூவின் அடியில் உலோகத் தகடு பொருத்தி, தரையில் தட்டித் தாளம் எழுப்பும் நடனம்) வகுப்பில் ஷஃபிள், ஃபிளாப், ஸ்லாப் என்ற அசைவுகள் முடிந்தது. மூன்றிலும் இரண்டு சத்தம்தான் கேட்கிறது. எதை வைத்துப் பிரிப்பது? வேகமாகப் போட்டால் ஷஃபிளின் இரண்டு சத்தமும் ஒட்டிக்கொள்கிறது. அடுத்து டைம் ஸ்டெப் (தாளத்தோடு திரும்பத் திரும்ப ஆடும் அடிப்படை அசைவுத் தொடர்) வருகிறது. வீட்டில் டைல்ஸ் தரை.

குதிகால்:
சத்தத்தை எண்ணினால் குழப்பம்தான். உடல் எடை எங்கே போகிறது என்று பாருங்கள்.

ஷஃபிளில் முன்பாதம் தரையை உரசி முன்னே போகும், அது பிரஷ். உரசியபடியே பின்னே வரும், அது ஸ்பாங்க். முடியும்போது கால் காற்றில் இருக்கும். ஃபிளாப்பில் பிரஷ் முடிந்ததும் அதே காலின் முன்பாதத்தில் இறங்கி எடையை அதற்கு மாற்றிவிடுவோம். ஸ்லாப்பிலும் அப்படியே இறங்கும், ஆனால் எடை மாறாது. ஸ்டெப் முடிந்த இடத்தில் நின்று, எந்தக் காலை உடனே தூக்க முடிகிறது என்று பாருங்கள். விடை அங்கேயே கிடைக்கும்.

முழுப்பாதத்தை அடிப்பதிலும் இதே கதைதான். எடையோடு அடித்தால் ஸ்டேம்ப் (stamp), எடை இல்லாமல் அடித்தால் ஸ்டாம்ப் (stomp). சில ஆசிரியர்கள் வேறு பெயர் சொல்வார்கள்; உங்கள் வகுப்பில் எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மரத்தளம்:
சத்தம் ஒட்டுவதற்குப் பெரும்பாலும் கணுக்கால் விறைப்பாக இருப்பதும், காலை இடுப்பிலிருந்து பெரிதாக வீசுவதும்தான் காரணம். வேகம் கூடும்போது அவ்வளவு தூரம் போய்வர நேரம் இருக்காது. சுவரைப் பிடித்துக்கொண்டு, நிற்கும் காலின் முட்டியை லேசாக மடக்குங்கள். ஆடும் காலின் பாதத்தைத் தளர விடுங்கள். ஒரு சாண் தூரத்துக்குள் வீச்சு முடியட்டும். மெட்ரோனோமை (தாளம் தட்டிக்காட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து "அண்ட் ஒன், அண்ட் டூ" என்று சொல்லியபடி ஒரு காலுக்கு எட்டு ஷஃபிள். இரண்டு சத்தமும் ஒரே அளவில் கேட்ட பிறகே 5 கூட்டுங்கள்.

டைல்ஸ் மேல் வேண்டாம். வழுக்கும், அடியில் கான்கிரீட் இருப்பதால் முன்னங்கால் எலும்பு வலிக்கும், டைல்ஸிலும் கீறல் விழும். ரப்பர் மேட் விரித்து அதன்மேல் முக்கால் அங்குல பிளைவுட் போடுங்கள். நாலடிக்கு நாலடி போதும். டேப் தகட்டின் திருகுகளையும் பாருங்கள். தளர்ந்தால் ஒரு அடிக்கே கடகடவென்று பல சத்தம் வரும்.

குதிகால்:
டைம் ஸ்டெப்பில் தடுமாறுவதும் எடையால்தான். தாளத்தை 1 முதல் 8 வரை எண்ணுவோம், இரண்டு எண்ணுக்கு நடுவே "அண்ட்". டைம் ஸ்டெப்பின் எளிய வகையான சிங்கிள் இப்படிப் போகும்: 8-இல் வலது ஸ்டாம்ப், 1-இல் இடது ஹாப், 2-இல் வலது ஸ்டெப் (எடையோடு காலை வைப்பது), "அண்ட் 3" இடது ஃபிளாப், அடுத்த "அண்ட்"டில் வலது ஸ்டெப். உடனே 4-இல் இடது ஸ்டாம்ப், மறுபக்கம் தொடங்கிவிடும்.

முதல் ஸ்டாம்பிலேயே எடையைக் கொடுத்துவிட்டால் இடது காலில் ஹாப் எடுக்க முடியாது, எல்லாம் தப்பும். ஹாப் என்றால் எழும்பிய காலிலேயே இறங்குவது. மறு காலில் இறங்கினால் அது லீப்.

டபுளில் 2-இல் வரும் ஸ்டெப்புக்குப் பதில் "அண்ட் 2" ஃபிளாப். டிரிப்பிளில் அதே இடத்தில் "அண்ட்-அ-2" ஷஃபிள் ஸ்டெப். மற்றது எதுவும் மாறாது.

புதுத்தாளம்:
நன்றி. இதற்கு அடுத்து எதைப் பழகலாம்?

மரத்தளம்:
ஷிம் ஷாம் என்ற டேப் நடனத் தொடர். 1920-களின் இறுதியில் லெனர்ட் ரீடும் வில்லி பிரையண்டும் அமைத்தது. 32 பார் (ஒரு பார் நான்கு எண்ணிக்கை), அதுவும் 8-இல்தான் தொடங்கும். டேப் ஆடுபவர்கள் கூடும் இடங்களில் கடைசியில் எல்லோரும் மேடையேறி ஆடுவது இதைத்தான், அதனால் சீக்கிரம் கற்றுக்கொள்ளுங்கள்.