ஒன்பது பார் லீஃப்: வாங்குவதா, விடுவதா?

தென்மராட்சியான்:
எல்லோருக்கும் வணக்கம். சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாண நகரத்துக்கு நாள்தோறும் வேலைக்குப் போய் வருகிறேன். போக வர 35 கிலோமீற்றருக்குள் அடங்கிவிடும். மாதத்தில் இரண்டு தடவை பிள்ளைகளோடு கிளிநொச்சிக்கு, மாமியார் வீட்டுக்குப் போக வேண்டும்; அது இரண்டு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 100 கிலோமீற்றர். கொழும்புக்கு எப்போதும் புகையிரதம்தான். இப்போது 2014ஆம் ஆண்டு நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. யப்பானில் ஓடி இங்கே இறக்குமதியான, 24 கிலோவாற்று மணிப் பற்றறி உள்ள வண்டி. பற்றறியின் கொள்ளளவு எவ்வளவு மிச்சம் என்று முகப்பில் காட்டும் 12 பாரில் (கோடுகளில்) 9 எஞ்சியிருக்கின்றன. அதே காசுக்கு ஒரு பழைய ஆல்ட்டோ பெற்றோல் காரையும் பார்த்து வைத்திருக்கிறேன். லீஃபின் பற்றறி வெக்கை தாங்காது என்று கேட்ட இடமெல்லாம் சொல்கிறார்கள். ஆனால் அதைக் கொடிகாமம் வரை ஓட்டிவிட்டு வந்து ஆல்ட்டோவில் ஏறியபோது உழவு இயந்திரத்தில் இருப்பது போல இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வாங்கலாமா?

கணக்கு வாத்தியார்:
வேண்டாம், தம்பி. பன்னிரண்டில் ஒன்பது என்றதும் முக்கால் பங்கு மிச்சம் என்று நினைத்திருப்பீர்கள். அந்த வண்டியின் கணக்கு அப்படியில்லை. முதலாவது பார் விழுவதற்கு ஏறத்தாழ 15 சதவீதக் கொள்ளளவு போக வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு 6¼ சதவீதத்துக்கும் ஒரு பார் விழும். ஆகவே மூன்று பார் போன பற்றறியில் 72 சதவீதத்துக்கும் 66 சதவீதத்துக்கும் இடைப்பட்ட அளவே இருக்கும். புதிதில் பயன்படுத்தக்கூடியது 21 கிலோவாற்று மணிக்கு, அதாவது 21 அலகுக்குச் சற்றுக் கூட. இப்போது 14 அலகு, அதிகம் போனால் 15. நமது சமதரை வீதியில் நிதானமாக ஓடினால் ஓர் அலகுக்கு ஆறரை கிலோமீற்றர் கிடைக்கலாம். பெருக்கிப் பாருங்கள், 100 கிலோமீற்றர் வராது. அதுவும் பற்றறி வற்றி, முகப்பில் ஆமைச் சின்னம் வந்து நிற்கும் வரையிலான தூரம்.

இனி வெக்கை. அந்தப் பற்றறிப் பெட்டிக்குத் திரவக் குளிரூட்டலும் இல்லை, காற்றூதியும் இல்லை. ஏறத்தாழ 300 கிலோ எடையுள்ள அடைத்த பெட்டி வண்டியின் அடிவயிற்றில் இருக்கிறது. சூடேறினால் தானாகவே ஆற வேண்டும். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து உரிமையாளர்கள் 2012இலேயே பார் விழுகிறது என்று முறையிடத் தொடங்கினார்கள். அதன் பிறகுதான், 2013இல், ஐந்து ஆண்டு அல்லது 60,000 மைலுக்குள் ஒன்பது பாருக்குக் கீழே இறங்கினால் சரிசெய்து தருவதாக நிசான் அங்கே உத்தரவாதம் கொடுத்தது. 2015ஆம் ஆண்டு மாதிரிக்குத்தான் வெக்கை தாங்கும்படி பற்றறியின் இரசாயனத்தை மாற்றினார்கள். நீங்கள் பார்த்திருப்பது அதற்கு முந்தியது. உற்பத்தியாளரே உத்தரவாதத்தின் எல்லையாக வைத்த கோட்டில் நிற்கும் வண்டியை, உத்தரவாதம் எதுவும் இல்லாமல் நீங்கள் வாங்கப் போகிறீர்கள்.

ஒஸ்ரின் பேரன்:
வாத்தியார் ஐயாவின் எண்களில் எனக்கு மறுப்பில்லை, முடிவில்தான் மறுப்பு. அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் கோடையில் 40 பாகையைத் தாண்டி வாரக்கணக்கில் எரிக்கும். நமக்கு அந்த எரிப்பு இல்லை. நான் கோண்டாவிலில் இருந்துகொண்டு ஆறு வருடமாக லீஃப் ஓட்டுகிறேன். வண்டியை வேப்பமர நிழலில் விடுவேன், 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதில்லை, பின்னேரம் ஓடிவந்த சூட்டோடு செருகியைச் செருகுவதுமில்லை. இரவு பத்தரைக்குப் பிறகுதான் ஏற்றுவேன். நேரத்துக்கேற்ற கட்டண முறைக்கு மாறியவர்களுக்கு மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் நேரமும் அப்போதுதான் தொடங்குகிறது. காலை ஐந்தரைக்குள் வேலை முடிந்துவிடும்.

2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டை இவ்வளவு விரைவில் மறந்துவிட்டோமா? எரிபொருள் நிலையத்து வாசலில் பாயை விரித்துப் படுத்தவர்கள் இந்தக் குழுவிலேயே எத்தனை பேர்! எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்த பின்பும் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான் தந்தார்கள். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் என் அப்பப்பா தன் ஒஸ்ரின் ஏ40 காரின் காபரேற்றருக்குள் ஒரு சொட்டுப் பெற்றோலை விட்டு முடுக்கி, பிறகு மண்ணெண்ணெயில் பருத்தித்துறை வரை ஓட்டினார். அந்த ஊர்க்காரருக்கு 14 அலகுப் பற்றறியைச் சமாளிக்கத் தெரியாதா? தம்பியின் அன்றாடத் தேவை 35 கிலோமீற்றர். பற்றறி பாதியாகத் தேய்ந்தாலும் அது ஓடும்.

கணக்கு வாத்தியார்:
2022 என்றால் முழு 2022ஐயும் எடுக்க வேண்டும். அந்த வருடம் பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. பெற்றோல் வரிசையைச் சொல்பவர்கள் அதைச் சொல்வதில்லை.

ஒஸ்ரினை இழுத்ததற்கு நன்றி, ஏனென்றால் அது என் பக்கத்துச் சாட்சி. அந்த வண்டி மண்ணெண்ணெயில் ஓடியதற்குக் காரணம், அதன் பொனெற்றைத் திறந்து ஒரு திருகாணிச் சாவியோடு எவரும் கைவைக்க முடிந்தது. லீஃபின் பெட்டிக்குள் ஏறத்தாழ 360 வோல்ற்று இருக்கிறது. இருக்கைகளுக்கு நடுவே தரையில் மூடியிருக்கும் பாதுகாப்புச் செருகியைக் கழற்றாமல், தகுந்த கையுறை போடாமல் அங்கே கை வைத்தால் கதை முடிந்தது. நமது மாகாணத்தில் அந்த வேலையை நம்பிக் கொடுக்கக்கூடியவர்களை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம் என்பது என் கணிப்பு.

வெக்கையைப் பற்றியும் ஒன்று. பீனிக்சில் குளிர்காலம் என்று ஒன்று வரும், பற்றறி அப்போது ஓய்வெடுக்கும். நமக்கு மார்கழியிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அருமை. உச்சம் குறைவு, ஆனால் சூடு வருடம் முழுவதும் விடாமல் வேலை செய்கிறது.

ஒஸ்லோவாசி:
வணக்கம். நான் 2013 லீஃபைப் பதினொரு குளிர்காலம் ஒஸ்லோவில் ஓட்டியிருக்கிறேன். இன்னும் 11 பார் இருக்கிறது. பயப்படாமல் வாங்குங்கள்.

கணக்கு வாத்தியார்:
நீங்கள் அதைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து ஓட்டியிருக்கிறீர்கள், ஐயா.

கராஜ்காரன்:
மின்சார வண்டிகளைத் திறந்து பார்க்கும் தொழில் எனக்கு. இருவரும் லீஃப் என்ற இனத்தைப் பற்றி வாதாடுகிறீர்கள். தம்பி வாங்கப் போவது ஒரு வண்டியை. ஒரே ஆண்டில் செய்த, ஒரே 9 பார் காட்டும் இரண்டு வண்டிகளுக்கு இடையில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருக்கலாம்.

பெட்டிக்குள் 48 பகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் நான்கு கலங்கள். அவை சோடி சோடியாக 96 சோடிகளாகத் தொடரில் நிற்கின்றன. தொடர் என்பதால் மிகவும் மெலிந்த சோடிதான் முழு வண்டியின் தூரத்தையும் தீர்மானிக்கும். வண்டியின் கணினியைப் போனோடு இணைக்கும் ஓபிடி இணைப்பானை ஸ்ரியறிங்குக்குக் கீழே செருகி, போனில் லீஃப் ஸ்பை செயலியைத் திறந்தால் அந்த 96 சோடிகளும் வேலிக் கதியால் போல வரிசையாகத் தெரியும். விற்பவர் முழுதாக மின்னேற்றி வைத்துக் காட்டும்போது பார்த்தால் எல்லாம் ஒரே உயரத்தில்தான் நிற்கும். அந்த நேரத்தில் எல்லாப் பற்றறியும் நல்ல பிள்ளைதான். 15 சதவீதத்துக்கு இறக்கிவிட்டு, சற்று வேகமாக மிதிக்கும்போது பார்க்க வேண்டும். அப்போது ஒரு சோடி மட்டும் மற்றவற்றைவிட நூறு மில்லிவோல்ற்றுக்கு மேல் கீழே விழுந்தால் அந்தப் பகுதி தளர்ந்துவிட்டது என்று பொருள்.

இன்னொன்று. முன்னால் இருக்கும் சாதாரண 12 வோல்ற்றுப் பற்றறி தளர்ந்தாலும் முகப்பில் கார்த்திகை விளக்கீடு போல எச்சரிக்கை விளக்குகள் எரியும். அதைக் கண்டு பெரிய பற்றறி போய்விட்டது என்று பயப்படவும் வேண்டாம், அதைக் காட்டி யாராவது விலையைக் குறைத்தால் வேண்டாம் என்று சொல்லவும் வேண்டாம்.

பனங்கூடல்:
நான் பட்டதைச் சொல்கிறேன். எந்த நிறுவனத்து வண்டி, யாரிடம் வாங்கினேன் என்பதை விட்டுவிடுகிறேன். பழைய மின்சாரக் கார் ஒன்றைப் பற்றறி முழு நலத்தோடு இருப்பதாக முகப்பு காட்டியதை நம்பி வாங்கினேன். மூன்றாவது கிழமை அளவு சரசரவென்று இறங்கியது. விசாரித்தபோதுதான், பற்றறியைக் கண்காணிக்கும் கணினியின் பழைய பதிவை அழித்துவிட்டால் அது சில காலம் புதுப் பற்றறி என்றே காட்டிக்கொண்டிருக்கும் என்று தெரிந்தது. விற்றவர் தொலைபேசியை எடுக்கவில்லை. ஆகவே 9 பார் காட்டும் வண்டியைவிட 12 பார் காட்டும் பழைய வண்டிக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். ஒன்பது என்று காட்டுபவர் குறைந்தது அந்த அளவுக்காவது நேர்மையாக இருக்கிறார்.

கராஜ்காரன்:
லீஃபிலும் அந்தத் தில்லுமுல்லு நடப்பது உண்டு. அதற்கு மருந்து, வற்றிய நிலையிலிருந்து முழுதாக ஏற்றி, சுவரில் இருந்து எத்தனை அலகு போனது என்று மானியில் பார்ப்பது. கணினியின் பதிவை அழிக்கலாம், மின்மானியை ஏமாற்ற முடியாது.

தென்மராட்சியான்:
எல்லோருக்கும் நன்றி. கராஜ்காரன் அண்ணா சொன்னபடியே சனிக்கிழமை செய்தேன். விற்பவர் முதலில் தயங்கினார். ஒரு நாள் முழுவதும் நான் வண்டியில் இருந்தால் எனக்கே சலித்துவிடும் என்று நினைத்தாரோ தெரியவில்லை, பிறகு தானும் ஏறிக்கொண்டார். பற்றறியின் கொள்ளளவில் 68 சதவீதம் மிச்சம் என்று செயலி காட்டியது. சாவகச்சேரியிலிருந்து ஆனையிறவு தாண்டிப் பரந்தன் வரை போய்த் திரும்பினோம். போகும்போது சோளகக் காற்று முகத்தில் அடித்தது. வெட்டைவெளியில் மின்னேற்றச் சதவீதம் இறங்கியதைப் பார்த்து நான் ஏசியை நிறுத்தினேன், அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வண்டியைப் புகழ்ந்தார். திரும்பி வந்து 16 சதவீதத்தில் பார்த்தபோது 95 சோடிகள் ஒன்றாக நின்றன. 57ஆவது மட்டும், மிதித்தால் 140 மில்லிவோல்ற்று கீழே போனது, காலை எடுத்தால் பாதி ஏறியது.

கணக்கு வாத்தியார்:
சோதித்துப் பார்த்ததற்குப் பாராட்டு. இப்போதாவது ஆல்ட்டோவை வாங்குங்கள். அதில் 57ஆவது சோடி இல்லை.

ஒஸ்ரின் பேரன்:
ஆல்ட்டோவை இதே அளவுக்கு யாராவது சோதித்தீர்களா? அதன் இயந்திரத்தின் அமுக்கத்தை அளந்தீர்களா, அடித்தட்டு உப்புக் காற்றில் எவ்வளவு கறள் பிடித்திருக்கிறது என்று படுத்துப் பார்த்தீர்களா? மின்சார வண்டியிடம் மட்டும் மருத்துவச் சான்றிதழ் கேட்பது என்ன நியாயம்? ஒரு பகுதி பழுதென்றால் ஒரு பகுதியை மாற்றலாம்.

கராஜ்காரன்:
மாற்றலாம். அடிபட்ட வேறொரு லீஃபிலிருந்து நல்ல பகுதியை எடுத்து, மற்றவற்றின் மின்னழுத்தத்துக்குச் சமப்படுத்திப் போட வேண்டும். ஆனால் பெட்டியை முழுதாக இறக்கித் திறக்கும் வேலை அது. ஒன்று தளர்ந்த பெட்டியில் அடுத்தது எப்போது தளரும் என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். அந்தச் செலவை விலையில் கழித்தால் வண்டி உங்கள் அன்றாட ஓட்டத்துக்குப் பெறுமதியானதே. கழிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள். கிளிநொச்சிக்குப் போனால் எப்படியும் மாமியார் வீட்டில் இரவு தங்கி ஏற்ற வேண்டியிருக்கும். அதைச் சாதாரண 13 அம்பியர் செருகியில் செய்யாமல், அங்கே தனி வயர் இழுத்துவிட்டுச் செய்யுங்கள். மூன்று கிலோவாற்று மணிக்கணக்கில் போனால் பழைய செருகி உருகும்.

கணக்கு வாத்தியார்:
நாலு வருடம் கழித்து இதை யாருக்கு விற்பது என்ற கேள்விக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. வருடம் மூன்று சதவீதம் தேய்கிறது என்று தாராளமாக வைத்தாலும் அப்போது 56 சதவீதம். அதை வாங்க இன்னொரு தென்மராட்சியான் பிறந்து வர வேண்டும்.

ஒஸ்ரின் பேரன்:
விற்பதற்காக அல்ல, ஓடுவதற்காக வாங்குகிறார். தேய்ந்த பற்றறியைக்கூட வீட்டுச் சூரியப் படலத்தோடு இணைத்து மின்சாரம் சேமிக்க எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

தென்மராட்சியான்:
விற்பவருடன் பேசினேன். 57ஆவது சோடியைத் திரையில் காட்டினேன். "அது போன் காட்டுவது, கார் நல்லாத்தானே ஓடுது" என்றார். ஒரு சதமும் குறைக்க மாட்டாராம். ஆகவே அந்த வண்டியை விட்டுவிட்டேன். ஆல்ட்டோவுக்கு இன்னும் முற்பணம் கொடுக்கவில்லை. வாத்தியார் ஐயா கோபிக்க வேண்டாம். கோப்பாயில் 10 பார் உள்ள 2015 மாதிரி ஒன்று இருப்பதாக மனைவியின் தம்பி சொல்கிறார். கராஜ்காரன் அண்ணா, வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஓபிடி இணைப்பானை ஒரு நாள் இரவல் தர முடியுமா? போனதடவை நான் பாவித்தது விற்பவருடையது.